ஓடுதளத்துக்கு டயரும் பிரேக்கும்



முப்பத்து நான்கு ஆண்டுக் காலம் பள்ளியில் இயற்பியல் கற்பித்தவன் நான். கடைசிச் சில ஆண்டுகள் தலைமையாசிரியனாகவும் இருந்தேன். கரும்பலகையில் நான் பிழையாக எழுதியதை மாணவர் சுட்டிக்காட்டியது பலமுறை உண்டு. உடனே அழித்துத் திருத்தியதும் உண்டு. ஆனால், ஓய்வு பெற்ற பின்னர் என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து ஒரு பழைய மாணவனுக்கு நான் சொன்ன தவறான விடை, ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் என் கண்ணெதிரே மணலில் போய் நின்றது. அந்த விடையைத் திருத்தி எழுதும் முயற்சியே இன்றைய பேச்சு.

அந்த மாணவன் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். தவணையில் வாங்கிய சிறிய கார் ஒன்று வைத்திருக்கிறான். கார் ஓட்டுவதில் அவனுக்கு அளவிறந்த ஆசை. தீபாவளிக்கு வந்த போனஸ் தொகையில் வீட்டுக்குக் கொடுத்ததுபோக எஞ்சியதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான். “ஐயா, அடுத்த மாதம் இருங்காட்டுக்கோட்டை ஓடுதளத்தில் காரை ஓட்டப் பணம் கட்டியிருக்கிறேன். கையில் உள்ள தொகைக்கு நான்கு நல்ல டயர் வாங்கலாம். அல்லது பிரேக் பகுதிகளை மாற்றலாம். இரண்டும் முடியாது. எதை முதலில் செய்வது?” என்று கேட்டான்.

நான் சற்றும் யோசியாமல், “தரையைத் தொடுவது டயர் ஒன்றுதானே, தம்பி? டயரை முதலில் வாங்கு” என்றேன். விடையில் ஓர் உண்மை இருந்தது. ஆனால் பாதி உண்மையைச் சொல்லிவிட்டு, மீதிப் பாதியைக் கேட்பவனே கண்டுபிடித்துக்கொள்ளட்டும் என்று விடுவது ஆசிரியனுக்கு அழகன்று.

இங்கே அந்த இடத்தைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். சென்னையிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் செம்பரம்பாக்கம் ஏரியைக் கடந்து, திருப்பெரும்புதூருக்குச் சற்று முன்னால் வருவது இருங்காட்டுக்கோட்டை. இராமாநுசர் அவதரித்த தலம் என்று பன்னூறு ஆண்டுகளாக அறியப்பட்ட திருப்பெரும்புதூர் வட்டாரம் இன்று காருக்கும் டயருக்கும் பெயர்பெற்றது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலை 1998ஆம் ஆண்டு முதல் கார்களைச் செய்கிறது. தெற்கே ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான் கார்களும், பாரத்பென்ஸ் லாரிகளும், ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்களும் செய்யப்படுகின்றன. அப்போலோ, ஜே.கே., சியட் ஆகிய மூன்று நிறுவனங்களும் இவ்வட்டாரத்தில் டயர் செய்கின்றன. வண்டிகளை ஓட்டிச் சோதிப்பதற்கென்றே ஒரகடத்தில் மத்திய அரசின் வாகன ஆய்வு மையம் ஒன்றும் தனி ஓட்டப்பாதைகளோடு இருக்கிறது. ஏரிப்பாசனமும் நெல் வயலுமாக நான் இளமையில் பார்த்த பூமி இது.

இவற்றுள் பெரும்பாலானவை வருவதற்கு முன்பே இங்கு வந்துவிட்டது ஓடுதளம். 1953இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் என்னும் சங்கத்தார், சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதையில் நெடுங்காலம் பந்தயங்கள் நடத்தி வந்தனர். பின்னர் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாகவே ஓடுதளம் அமைத்தனர். அது 1990இல் திறக்கப்பட்டது. சுற்றளவு 3.7 கிலோமீட்டருக்குச் சற்று மேல், வளைவுகள் 12. மெட்ராஸ் மோட்டார் ரேஸ் டிராக் என்று வழங்கிய அதனை இப்போது மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்கிறார்கள்.

பந்தயம் இல்லாத சில நாட்களில், கட்டணம் செலுத்தும் சாதாரண மனிதரும் தம் சொந்த வண்டியை அங்கே ஓட்டலாம். ‘டிராக் டே’ என்பது இதற்குப் பெயர். முதற் பரிசும் கிடையாது, இரண்டாம் பரிசும் கிடையாது. பழகியவர் ஒரு குழு, புதியவர் ஒரு குழு என்று பிரித்து விடுவார்கள். எதிரே வண்டி வராது. குறுக்கே மாடும் வராது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் நள்ளிரவில் மோட்டார் சைக்கிளில் பறக்கும் பிள்ளைகளை எண்ணும்போது, ஆசையுள்ளவன் இங்கே வருவதே மேல் என்றுதான் நான் கருதுகிறேன். அதற்காக ஓடுதளம் ஆபத்தில்லாத இடம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். 2023ஆம் ஆண்டு ஜனவரியில் ஒருவரும் ஆகஸ்டில் ஒருவரும் இத்தளத்திலேயே பந்தயத்தின்போது உயிரிழந்தனர். அவர்களுள் ஒருவன் 13 வயதுச் சிறுவன். அவை டயராலோ பிரேக்காலோ நேர்ந்தவை என்று நான் சொல்ல வரவில்லை. அங்கே எதிர்கொள்ளும் வேகம் எத்தகையது என்பதை நினைவூட்டவே சொன்னேன்.

குறித்த நாளில் மாணவன் என்னையும் அழைத்துச் சென்றான். புது டயர்கள் கறுகறுவென்று இருந்தன. முதல் மூன்று சுற்றுகள் நன்றாகவே ஓட்டினான். நான்காம் சுற்றில், நேர்பாதையின் முடிவில் திரும்பவேண்டிய கார் திரும்பாமல் நேராகச் சென்று, ஓரத்து மணற்பரப்பில் புழுதி கிளப்பி நின்றது. அவனுக்குக் காயமில்லை, காருக்கும் பெரிய சேதமில்லை. திரும்பி வந்தவன் முகம் வெளுத்திருந்தது. “பிரேக் பெடல் பஞ்சுபோல் அடிவரைக்கும் போய்விட்டது, ஐயா” என்றான். முன் சக்கரங்களிலிருந்து கருகிய நாற்றம் வந்துகொண்டிருந்தது.

பத்தாம் வகுப்பில் நானே அவனுக்குக் கற்பித்த பாடம்தான் இது. ஓடும் பொருளுக்கு இயக்க ஆற்றல் உண்டு. அது நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கக் கிடைப்பது. கார், ஓட்டுநர் எல்லாம் சேர்ந்து 1,000 கிலோ என்று கொள்வோம். மணிக்கு 126 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 35 மீட்டர். அதிலிருந்து 54 கிலோமீட்டருக்கு, அதாவது வினாடிக்கு 15 மீட்டருக்கு, வேகத்தைக் குறைத்துத்தான் வளைவில் திரும்பவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கிட்டுப் பாருங்கள்: அழியவேண்டிய ஆற்றல் 500 கிலோஜூல். ஆற்றல் அழியாது என்று படித்திருக்கிறீர்கள். ஆகவே அது வெப்பமாகிறது. டயருக்கும் காற்றுக்கும் போகும் சிறு பங்கை விட்டுவிட்டால், ஏறக்குறைய ஒன்றே முக்கால் லிட்டர் தண்ணீரைச் சாதாரண வெப்பத்திலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் அது. உங்கள் வீட்டு அடுப்பு அதற்கு எத்தனை நிமிடம் எடுத்துக்கொள்கிறது என்று அம்மாவைக் கேளுங்கள். பிரேக் அதனை இரண்டரை வினாடியில் செய்கிறது. வினாடிக்கு 200 கிலோஜூல், அதாவது 200 கிலோவாட். அந்தச் சிறிய காரின் இஞ்சின் தரும் திறன் அதில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும், அவ்வளவே. வண்டியில் மிக வலிய உறுப்பு இஞ்சின் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம்!

பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னால் சாய்வதால், வேலையில் பெரும் பங்கு, பத்தில் ஏழு என்று வைத்துக்கொள்ளுங்கள், முன் சக்கரங்களுடையது. முன்னால் உள்ள இரும்பு டிஸ்குகள் இரண்டும் சேர்ந்து 10 கிலோ எனில், ஒரே ஒரு முறை பிரேக் பிடிப்பதில் அவற்றின் வெப்பம் ஏறக்குறைய 75 டிகிரி ஏறிவிடும். அடுத்த வளைவுக்குள் அது முழுதும் ஆறுவதில்லை. அதன்மேல் இன்னொரு 75. நகரச் சாலையில் 54 கிலோமீட்டர் வேகத்தில் போய்ச் சிவப்பு விளக்கைக் கண்டு முழுதும் நிறுத்தினாலும், ஓடுதளத்தின் ஒரு வளைவில் கழியும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்குகூட ஆவதில்லை. ஆகவே, ஊருக்குள் ஐந்தாண்டு குறை சொல்லாமல் உழைத்த பிரேக், ஓடுதளத்தில் ஐந்து நிமிடத்தில் கைவிட்டால் வியப்பில்லை.

இப்போது, என் மாணவனின் பெடல் ஏன் பஞ்சாயிற்று? பெடலை மிதிக்கும் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டு செல்வது ஒரு திரவம். ‘பிரேக் ஆயில்’ என்று கடையில் கேட்டு வாங்குகிறோம். எண்ணெய்க்கும் அதற்கும் உறவில்லை என்பது வேறு. பாஸ்கல் விதிப்படி, அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லா இடத்துக்கும் குறையாமல் செல்லும். திரவம் அமுங்காது, அதனால்தான் கால் சொன்னதைச் சக்கரம் கேட்கிறது. ஆனால் அத்திரவம் கொதித்து ஆவிக்குமிழிகள் உண்டாகிவிட்டால், ஆவி அமுங்கும். மிதித்த மிதியெல்லாம் குமிழியை நசுக்குவதிலேயே போய்விடும்.

அது எப்போது கொதிக்கும்? ‘டாட் 3’ என்று குறித்த திரவம் புதிதாக இருக்கையில் 205 டிகிரி வரையிலாவது தாங்கவேண்டும் என்பது விதி, ‘டாட் 4’ 230 டிகிரி, ‘டாட் 5.1’ 260 டிகிரி. புதிதாக இருக்கையில் என்பதைக் கவனியுங்கள். உப்பு மழைக்காலத்தில் ஈரம் வாங்குவதுபோல, இத்திரவம் காற்றிலுள்ள ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும் இயல்புடையது. நூற்றுக்கு நான்கு பங்குக்கும் குறைவான நீர் சேர்ந்தாலே டாட் 3இன் கொதிநிலைக்கு உத்தரவாதம் 140 டிகிரிதான். டாட் 4க்கு 155. நம் கடற்கரைப் பகுதியின் புழுக்கத்தைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. இரண்டாண்டுக்கு ஒருமுறை இதனை மாற்றவேண்டும் என்பது பொதுவான வழக்கம். என் மாணவனின் காரில் வாங்கிய நாள் முதல் மாற்றவேயில்லை, நான்காண்டு ஆகியிருந்தது. நான்கு டயருக்குக் கொடுத்த தொகையில் நூற்றில் சில பங்குதான் இந்தத் திரவத்தின் விலை. அவனுடைய உயிர் அன்று தொங்கியது அந்தச் சில பங்கில்.

ஆதலால், அமெச்சூர் ஓட்டுநர் கைப்பணத்தை முதலில் செலவிடவேண்டிய இடம் இதுவே. மூடி திறக்காத புதுக் குப்பி. குறைந்தது டாட் 4. பழையதை முழுவதும் வெளியேற்றி, காற்று நுழையாமல் நிரப்பத் தெரிந்த மெக்கானிக்கிடம் செய்துகொள்ளவேண்டும். ‘டாட் 5’ என்று ஒன்று இருக்கிறது. எண் பெரிதாக இருக்கிறதே என்று அதை வாங்கி ஊற்றிவிடாதீர்கள். அது சிலிகோன் வகை; மற்றவற்றோடு சேராது.

அடுத்தது பேட். டிஸ்கை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் உராய்வுப் பட்டைக்குத்தான் மெக்கானிக்குகள் பேட் என்கிறார்கள். இதன் வரலாறு சுவையானது. இங்கிலாந்தில் மலைப்பாதையில் இறங்கும் குதிரை வண்டிக்காரர்கள், மரக்கட்டைப் பிரேக்கில் பழைய பூட்ஸ் தோலை வைத்து ஆணியடிப்பதைக் கண்ட ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர், 1897இல் அதைவிட நல்ல உராய்வுப் பொருளைத் தேடப் புறப்பட்டார். அவர் தொடங்கிய தொழிலே பின்னாளில் ஃபெரோடோ என்று பெயர் பெற்றது. டிஸ்க் பிரேக்கின் மதிப்பை உலகம் உணர்ந்ததும் ஓர் ஓடுதளத்திலேதான். 1953இல் பிரான்சு நாட்டு லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் கார் வென்றது. டிரம் பிரேக் பூட்டியவர்கள் பிரேக் சூடாகிவிடுமே என்று அஞ்சி முன்கூட்டியே வேகத்தைக் குறைக்க, ஜாகுவார் ஓட்டுநர்கள் வளைவின் அருகு வரை துணிந்து சென்றனர்.

பேட் என்பது பல பொருள்களைப் பிசினால் பிணைத்து அழுத்திச் சுட்ட பட்டை. அளவுக்கு மேல் சூடானால் பிசின் சிதைந்து வாயு வெளிப்படும். டிஸ்குக்கும் பேட்டுக்கும் நடுவே அது மெத்தைபோல் நின்று உராய்வைக் குறைத்துவிடும். அப்போது பெடல் கல்லைப்போல் உறுதியாக இருக்கும், வண்டிதான் நிற்காது. பெடல் பஞ்சானால் திரவம் கொதித்தது. பெடல் கல்லாக இருந்தும் நிற்கவில்லையென்றால் பேட் தோற்றது. இவ்வேறுபாட்டைக் காலால் உணரத் தெரிந்தவன், எதை மாற்றவேண்டும் என்று எந்தக் கடைக்காரரையும் கேட்கவேண்டியதில்லை. ஓடிக்கொண்டிருக்கையில் பெடல் பஞ்சாகிவிட்டால் அதை விரைந்து பலமுறை மிதித்து மிதித்து விடவேண்டும். சிறிது அழுத்தம் திரும்பக்கூடும். கியரையும் ஒவ்வொன்றாகக் குறைக்கவேண்டும்.

கடையில் மூவகை பேட்கள் கிடைக்கும். கார் வாங்கும்போது வருவன பெரும்பாலும் கரிமப் பொருள் மிகுந்தவை: ஓசையில்லாதவை, டிஸ்கைத் தேய்க்காதவை, குளிர்ந்திருக்கும்போதே நன்றாகப் பிடிப்பவை. ஆனால் 300 டிகிரியைத் தாண்டினால் அவற்றின் பலம் குறையத் தொடங்கும். இரும்புத் தூளும் நாரும் கலந்தவை இன்னும் அதிக வெப்பம் தாங்கும். கொஞ்சம் கிறீச்சிடும், சக்கரம் கறுக்கும். மூன்றாவது, பந்தயத்துக்கென்றே செய்தவை. மிகுந்த சூட்டிலும் சளைக்காத இவை, சூடேறும் வரையில் சரியாகப் பிடிப்பதில்லை. இங்கேதான் இளைஞர்கள் ஏமாறுகிறார்கள். பந்தயக்காரர் போடுவதுதானே சிறந்தது என்று வாங்கிப் பூட்டிவிடுகிறார்கள். காலையில் ஓடுதளத்தில் எல்லாம் செவ்வனே நடக்கிறது. மாலையில் பேட்கள் ஆறிக் கிடக்க, வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஒரகடம் நாற்சந்தியில் முன்னால் போகும் கன்டெய்னர் லாரி சட்டென்று நிற்கிறது. காலையில் கவ்விய பிரேக் அப்போது நழுவுகிறது. அந்த லாரிக்குப் பின்னால் மணற்பரப்பு கிடையாது.

ஆகவே பேட்டை வாங்குவோர் கேட்கவேண்டிய கேள்வி ‘எது சிறந்தது?’ என்பதன்று, ‘எந்தச் சூட்டிலிருந்து எந்தச் சூடு வரை?’ என்பதே. சில பேட்களின் விளிம்பில் இரண்டு ஆங்கில எழுத்துகள் பொறித்திருக்கும். முதலெழுத்து சாதாரணச் சூட்டில் உராய்வையும், இரண்டாவது மிகுந்த சூட்டில் உராய்வையும் குறிக்கும். ‘இ’ என்றால் உராய்வுக் கெழு 0.25 முதல் 0.35 வரை, ‘எஃப்’ 0.35 முதல் 0.45, ‘ஜி’ 0.45 முதல் 0.55. முதலெழுத்தைவிட இரண்டாமெழுத்து தாழ்ந்திருந்தால், சூட்டில் சோர்ந்துபோகும் பேட் அது என்று அறியலாம். ஆயினும் பரிசோதனைச் சாலையின் சூடு ஓடுதளத்தின் சூட்டை எட்டுவதில்லையாதலால், இவ்வெழுத்துகளையே முழுதும் நம்பிவிடக்கூடாது. ஆண்டில் இரண்டு மூன்று முறை மட்டும் ஓடுதளத்துக்கு வந்து, வந்த காரிலேயே வீடு திரும்புகிறவருக்கு, சாலைக்கும் ஓடுதளத்துக்கும் இடைப்பட்டதாக, குளிரிலும் பிடித்துச் சூட்டிலும் நிற்கும் நடுத்தர வகையே பொருத்தம் என்பது என் முடிவு. இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு அங்கேயே கழற்றி மாட்டக் கைப்பழக்கம் உள்ளவர்கள் பந்தய வகையை நாடலாம்.

புது பேட்டை மாட்டிய அன்றே ஓடுதளத்தில் இறங்கக்கூடாது. வெறிச்சோடிய சாலையில் மிதமான வேகத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு முறை, முழுதும் நிறுத்தாமல் வேகத்தைக் குறைத்துக் குறைத்து, பிறகு ஆறவிட்டுப் பழக்கவேண்டும். டிஸ்கின்மேல் பேட்டின் மெல்லிய படலம் சீராகப் படிந்தால்தான் முழு உராய்வு கிடைக்கும். ஒவ்வொரு முறை ஓட்டி முடித்ததும் கடைசிச் சுற்றைப் பிரேக் தொடாமல் மெல்ல ஓட்டவேண்டும். நிறுத்திய பின் கைப்பிரேக்கை இழுக்காமல், கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கல் வைப்பது நல்லது. கொதிக்கும் டிஸ்கை பேட் ஓரிடத்தில் அழுத்திக்கொண்டிருந்தால் படலம் திட்டுத்திட்டாகிவிடும். இன்னொன்று: பழுது பார்க்கையில் பேட் தூளைக் காற்றடித்து ஊதாதீர்கள். ஒரு காலத்தில் இப்பட்டைகள் கல்நார் கொண்டு செய்யப்பட்டு, பல தொழிலாளர்களின் நுரையீரலைக் கெடுத்தன. இன்றைய தூளும் மூச்சில் சேரத் தக்கதன்று.

இனி டயருக்கு வருவோம். நான் முதலில் சொன்ன விடையில் உள்ள உண்மையும் பிழையும் இங்கே விளங்கும். 1,000 கிலோ காரில் ஒவ்வொரு சக்கரத்தின் மேலும் 250 கிலோ. டயரின் காற்றழுத்தம் 30 பவுண்டு எனில், தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 120 சதுர சென்டிமீட்டர். ஓர் அஞ்சலட்டையின் அளவு. நான்கு அஞ்சலட்டைகள்தாம் உங்களைச் சாலையோடு பிணைப்பவை. மோட்டார் சைக்கிளுக்கு இரண்டே. அவையும் இன்னும் சிறியவை.

மிருதுவான ரப்பர், தார்ப்பரப்பின் நுண்ணிய மேடுபள்ளங்களில் அமிழ்ந்து பற்றிக்கொள்கிறது. எவ்வளவு மிருதுவோ அவ்வளவு பிடிப்பு. எவ்வளவு பிடிப்போ அவ்வளவு விரைவில் தேய்வு. கடினமான ரப்பர் நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் கிலோமீட்டர் உழைக்கும். ஓடுதளத்துக்கென்று செய்த மிருதுவான டயர் சில நாட்களிலேயே கரைந்துவிடும். இதற்கும் ஏற்ற சூடு என்று ஒன்றுண்டு. பந்தய டயர் குளிர்ந்திருக்கையில் வழுக்கும். சாலை டயர் அளவுக்கு மேல் சூடானால் எண்ணெய் தடவியதுபோல் ஆகி, ஓரங்களில் ரப்பர் திரிதிரியாக உரியும். 1839இல் குட்இயர் கந்தகம் சேர்த்துச் சுடும் முறையைக் காணும் வரையில் ரப்பர் வெயிலில் இளகிக் குளிரில் விறைக்கும் பொருளாகவே இருந்தது. இன்றும் அதன் பிறவிக்குணம் முழுதும் போய்விடவில்லை.

நல்ல டயரை முதலில் வாங்கச் சொன்னதில் என்ன பிழை? பிடிப்பு கூடினால் ஓட்டுநரின் துணிவும் கூடும். முன்பு 100 மீட்டர் தொலைவில் பிரேக் தொட்டவன், இப்போது 80 மீட்டரில் தொடுவான். அதே ஆற்றல் இன்னும் குறைந்த நேரத்தில் வெப்பமாகும். பாரமும் முன்னால் அதிகம் சாயும். முன் பேட்களுக்குச் சுமை மேலும் கூடும். வளைவில் இன்னும் வேகமாகத் திரும்பலாமே, அப்போது குறைக்கவேண்டிய வேகம் குறையாதா என்று உங்களில் ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி, ஓரளவு குறையும். ஆனால் வளைவிலிருந்து வேகமாக வெளிப்படுகிறவன் நேர்பாதையின் முடிவை அடையும்போது முன்னைவிட வேகமாகவே இருப்பான். வேகத்தின் வர்க்கம் என்பதை மறந்துவிடாதீர்கள். பழைய டயரிலேயே ஓட்டியிருந்தால், டயர் கிறீச்சிட்டு என் மாணவனை முன்னமே எச்சரித்திருக்கும். அவனுடைய பிரேக் அன்று தப்பியும் இருக்கலாம். நான் வாங்கச் சொன்ன டயர்தான் பிரேக்கின் குறையை வெளிப்படுத்தியது.

ஆகவே திரவம், பேட் இரண்டும் சரியான பின்னரே டயர். முதல் இரண்டு மூன்று முறைக்கு, பழுதில்லாத சாலை டயரே போதும் என்று சொல்வேன். ஆனால் பழுதில்லாதது என்பதை உறுதி செய்யவேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2324 என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. ஸ்டெப்னியாகவே பல ஆண்டு கிடந்த டயர் பார்வைக்குப் புதிதாக இருந்தாலும், ரப்பர் இறுகிப் போயிருக்கும். அதை ஓடுதளத்தில் மாட்டக்கூடாது. அளவைக் குறிக்கும் எண்களின் முடிவில் உள்ள எழுத்து வேக வரம்பு: ‘டி’ மணிக்கு 190 கிலோமீட்டர், ‘எச்’ 210, ‘வி’ 240. பக்கவாட்டில் வீக்கமோ வெட்டோ இருந்தால் பேச்சுக்கே இடமில்லை.

பட்டன் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு. பந்தய டயர் மொட்டையாக இருக்கிறதே, ஆகவே தேய்ந்த டயரும் ஓடுதளத்துக்கு நல்லதுதானே என்பார்கள். பந்தய டயர் மொட்டையாகவே செய்யப்பட்டது. அதன் ரப்பர் வேறு, உள்கட்டு வேறு. தேய்ந்து மொட்டையான டயரில் எஞ்சியிருப்பது பழைய ரப்பரின் மெல்லிய தோல். மேலும், பட்டனின் வேலை நீரை வெளியேற்றுவது. வடகிழக்குப் பருவமழை அரைமணியில் ஓடுதளத்தை ஏரியாக்கிவிடும். அப்போது நீரின்மேல் ஏறி மிதக்கும் டயருக்குப் பிடிப்பே கிடையாது. பட்டனின் பள்ளத்தில் 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் சிறு மேடு இருக்கும். ரப்பர் அதன் மட்டத்துக்கு வந்துவிட்டால், ஓடுதளம் இருக்கட்டும், காய்கறி வாங்கவும் அந்த டயரில் போகக்கூடாது. மோட்டார் சைக்கிள் ஓட்டும் இளைஞர்கள் இன்னொன்றும் பார்க்கவேண்டும். நேரே ஓடி ஓடி நடுப்பகுதி தட்டையாகிவிட்ட டயர், வண்டியை வளைவில் சாய்க்கும்போது விளிம்பில் தடுமாறி இறங்கும்.

இவ்வளவுக்கும் மேலாக, ஒரு காசும் செலவில்லாத காரியம் ஒன்றுண்டு: காற்றழுத்தம். 30 டிகிரி வெப்பத்தில் 30 பவுண்டு பிடித்துக்கொண்டு போகிறீர்கள். சில சுற்றுகளில் உள்ளே இருக்கும் காற்று 75 டிகிரி ஆகிவிடுகிறது. வாயு விதியைக் கொண்டு கணக்கிடுங்கள்; வளிமண்டல அழுத்தமான 14.7ஐச் சேர்த்துக்கொண்டு, வெப்பத்தைக் கெல்வினில் வைத்துக்கொள்ள மறவாதீர்கள். விடை 36½ பவுண்டுக்கு மேல் வரும். டயர் உப்பி, அஞ்சலட்டை சுருங்கிவிட்டது. அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் ஓட்டி நிறுத்தியவுடன், சூடாக இருக்கும்போதே அளந்து, வேண்டிய அளவுக்குக் காற்றை இறக்குகிறார்கள். வீடு திரும்புமுன் ஆறிய பின் மறுபடியும் பிடித்துக்கொள்ளவேண்டும். மறந்தால் நெடுஞ்சாலையில் குறைந்த காற்றோடு ஓடி டயர் வெடிக்க நேரும். நல்ல அழுத்தமானி ஒன்றும், ஒரு குறிப்பேடும், ஒரு பென்சிலும் போதும். வலப்புறம் திரும்பும் வளைவுகள் மிகுந்த தளத்தில் இடப்பக்க டயர்கள் அதிகம் சூடேறுவதை அக்குறிப்பேடே உங்களுக்குச் சொல்லிவிடும்.

என் மாணவன் அன்று அதோடு ஓட்டத்தை நிறுத்திக்கொண்டான். பிரேக் ஆறிய பின், மூன்றாம் கியருக்கு மேல் போடாமல் மெல்ல வீடு வந்து சேர்ந்தோம். மறு வாரம் திரவத்தை மாற்றினான். இரண்டு மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து நடுத்தர வகை பேட் வாங்கினான். மறுமுறை நானும் போயிருந்தேன். ஒவ்வொரு முறை காரை நிறுத்தியதும் கீழே குனிந்து நான்கு டயரின் அழுத்தத்தையும் அவன் படித்துச் சொல்ல, பழைய வருகைப் பதிவேட்டில் எழுதுவதுபோல் நான் கட்டம் போட்டு எழுதிக்கொண்டேன். ஆறு சுற்று ஓட்டி வந்த பின்னும் பெடல் உயரத்திலேயே நின்றது. முன் இடப்பக்கம் 37, முன் வலப்பக்கம் 35 என்று எழுதியிருக்கிறேன். “இரண்டு பவுண்டு ஏன் வேறுபடுகிறது, ஐயா?” என்று கேட்டான். இந்தத் தடவை நான் உடனே விடை சொல்லவில்லை. தளத்தின் வரைபடத்தை எடுத்து, எத்தனை வளைவு எந்தப் பக்கம் என்று எண்ணச் சொன்னேன்.